முப்பது போனது, பத்து இருந்தது

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஆராதனை முடிந்து தேத்தண்ணீர் கொடுக்கிற நேரம்.

டிலக்ஷி மண்டபத்து அலமாரியைத் திறந்தாள். அட்டைப் பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. தூக்கினாள். பாரமே இல்லை. மூடியைத் திறந்து பார்த்தாள். அடியில் ஒரு பற்றுச்சீட்டு மட்டும் கிடந்தது.

"அப்பா," என்றாள் மெதுவாக. அவள் எதையும் மெதுவாகத்தான் சொல்வாள்.

அப்பா றொபேர்ட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "என்ன, பிள்ளையளின்ர கிரகணக் கண்ணாடியைக் காணேல்லையோ? முப்பதையுமோ?"

மண்டபம் முழுவதும் திரும்பியது. வரிசையில் நின்ற பிள்ளைகள் டேனிஷில் சலசலத்தார்கள். டிலக்ஷி பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

புதன்கிழமை சூரிய கிரகணம். 2026 ஆகஸ்ட் பன்னிரண்டு. ஸ்பெயினின் ஒரு பகுதியில் சூரியன் முழுதாக மறையும். இங்கே டென்மார்க்கின் வைலேயில் பெரும்பகுதி மறைந்து, மெல்லிய பிறையாகி, அப்படியே மாலையில் இறங்கிப் போகும். இரண்டு வாரத்துக்கு முன் தமிழ் வகுப்பில் பிள்ளைகள், பெரியவர்கள் முன் டிலக்ஷி அதைப் பற்றிப் பேசினாள். இருபத்தைந்து வயதில் ஒரு கூட்டத்துக்கு முன்னால் அவள் வாய் திறந்தது அதுவே முதல் முறை. ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தவள். காற்றாலை இறக்கைகளுக்குப் பூசும் வண்ணத்தைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை. வண்ணத்துக்கு முன் கூச்சப்படத் தேவையில்லை என்பதால் அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும்.

அன்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "ஸ்பெயினிலை சூரியன் முழுசா மறையிற அந்த ஒண்டரை நிமிசம் மட்டும் கண்ணாடியைக் கழட்டலாம். வைலேயிலை ஒரு கணமும் கழட்டக் கூடாது. பிறை எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் அது சூரியன்தான்."

செவ்வாய்க்கிழமை காலை பில்லுண்ட் விமான நிலையத்திலிருந்து ஒரு குழு ஸ்பெயினுக்குப் புறப்படுகிறது. பத்து இருக்கைகள், டிலக்ஷியோடு ஒன்பது பேர். பத்தாவது, தமிழ்நாட்டிலிருந்து வந்த லக்ஷ்மியுடையது. ஏழு மாதக் கர்ப்பிணி என்பதால் அவள் போகவில்லை. குழுவாக எடுத்த டிக்கெட்; முதல்நாள் வரை பெயரை மாற்றலாம். பத்தாவது ஆளைத் தேடி றொபேர்ட் ஊரெல்லாம் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார்.

டிலக்ஷிக்கு அந்த ஒன்றரை நிமிடம் பள்ளிக்கூட நாளிலிருந்தே பாக்கி. 2015இல் கிரகணம் வந்தபோது அவள் பள்ளி முற்றத்துக்கு மேல் முகில் மூடி நின்றது. ஆசிரியை கையைப் பிசைந்தார். அன்று மாலை வீட்டுக்கு வந்து, ஐரோப்பாவின் பெருநிலத்தில் அடுத்த முழுக் கிரகணம் எங்கே என்று தேடி, சுவர் நாட்காட்டி அவ்வளவு தூரம் போகாது என்பதால், அலமாரிக் கதவின் உட்பக்கம் பென்சிலால் எழுதி வைத்தாள்.

இப்போது பிள்ளைகளுக்குக் கண்ணாடி இல்லை. நாடெங்கும் கடைகளில் தீர்ந்துவிட்டது. அதே அலமாரியில் நீலத் துணிப்பையில் இன்னும் பத்துக் கண்ணாடி இருந்தது. ஸ்பெயின் குழுவுக்கு வாங்கியது. அவர்களுக்கு அங்கே இறங்கித் தேடிக்கொள்ள வழியுண்டு. பத்தையும் பிள்ளைகளுக்கு முறை வைத்துக் கொடுக்கலாம். ஆனால் யார் எப்போது கழற்றுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்க ஒருவர் வேண்டும். அது யார் என்று யோசிக்க அவளுக்கு நேரம் எடுக்கவில்லை.

"நாளைப் பின்னேரத்துக்குள்ளை முப்பதும் வராட்டி நான் போகேல்லை அப்பா."

றொபேர்ட் முதல்முறையாக மெதுவாகப் பேசினார். "அப்ப கண்டுபிடிப்பம், பிள்ளை."

*

சனிக்கிழமை நண்பகலில் டிலக்ஷி தன் கையாலேயே பெட்டியை வைத்துப் பூட்டியிருந்தாள். திறப்பு குசினிச் சுவரில் ஆணியில் தொங்கும், எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு மண்டபத்துக்கு வந்தவர்கள் மூன்றே பேர். கதிரை அடுக்கக் குருசுமுத்து. கிரகணப் படம் வரைய லக்ஷ்மி. இடியப்ப மாவு அவிக்க யசிந்தா.

குருசுமுத்து மண்டபக் குழுவின் தலைவர். எழுபது வயது. புதன்கிழமை மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கிரகண விழா வேண்டாம் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவரும் அவர்தான்.

றொபேர்ட் நேராகப் போனார். "அண்ணை, நேற்று நீங்கள் அலமாரியைத் திறந்தனீங்களோ?"

"என்னைச் சந்தேகப்படுறியோ?"

"ஓம்."

"நல்லது. ஒளிக்காமல் சொன்னாய்." குருசுமுத்து தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்தார். "நான் எடுக்கிறதெண்டால் மைக்கிலை அறிவிச்சுப்போட்டு எடுத்திருப்பன். நான் ஒரு காரியத்தைச் சத்தமில்லாமல் செய்து நீ எப்பவாவது கண்டனியோ?"

காணவில்லைதான்.

டிலக்ஷி தந்தையின் தோளுக்குப் பின்னால் நின்றபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, நேற்று இஞ்சை ஏதாவது வழமைக்கு மாறா இருந்ததோ?"

"இருந்தது. குசினியிலை அடுப்புக்கு மேலை இருக்கிற லைட் எரிஞ்சபடி கிடந்தது. பட்டப்பகல்! நான் பாதி வழி போய்த் திரும்பி வந்து அணைச்சனான். கறண்ட் என்ன கிணத்துத் தண்ணியோ?"

"அப்ப யசிந்தா அக்கா போயிட்டாவோ?"

"எல்லாரும் போயிட்டினம். வழமைபோலக் கடைசி ஆள் நான்தான்."

மண்டபத்தின் மறுபக்கத்தில் வேறொரு கதை ஓடத் தொடங்கியிருந்தது. கிரகணம், கர்ப்பிணி, இந்தியாக்காரர், அவையின்ர நம்பிக்கை. யாரும் பெயர் சொல்லவில்லை. லக்ஷ்மி தன் குடையை எடுத்துக்கொண்டு, தேத்தண்ணீர் குடிக்காமலே வெளியேறினாள்.

*

குசினியில் யசிந்தா இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது. கிழமை நாட்களில் பேர்னஹேவ என்கிற பாலர் பள்ளி ஒன்றில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஞாயிறுகளில் இந்தக் குசினி. கெட்டித்தனமானவள். ஆனால் கார் ஓட்டமாட்டாள். "எனக்கு அந்த வட்டச் சந்தியளைக் கண்டால் பயம்," என்று சொல்லி, மழையிலும் சைக்கிளில் வருவாள். பாட்டுப் புத்தகத்தை எப்போதும் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி, "எத்தினையாம் பாட்டு, பார்?" என்பாள். ஆணவக்காரி, ஆளை மதித்து முகம் பார்த்துக் கதைக்கமாட்டாள் என்று சில பெண்கள் சொல்வதுண்டு.

டிலக்ஷிக்கு யசிந்தாவைப் பிடித்திருந்ததற்குக் காரணமே அதுதான். மற்றவர்கள் பேசும்போது கண்ணுக்குள் பார்ப்பார்கள். டிலக்ஷிக்குச் சொல்லவந்தது மறந்துபோகும். யசிந்தா காதைப் பார்த்துத்தான் பேசுவாள். தன்னைப்போல் இன்னொரு கூச்சக்காரி என்று டிலக்ஷி உள்ளுக்குள் சொந்தம் கொண்டாடியிருந்தாள்.

"அக்கா, நேற்று அலமாரிப் பக்கம் ஆரும்..."

"திறப்பு உதிலைதானே தொங்குது, பிள்ளை. ஆரும் எடுக்கலாம்." யசிந்தா டிலக்ஷியின் காதோரத்தைப் பார்த்தாள். "நீ தேத்தண்ணி குடிச்சனியோ?"

"இல்லை."

"முகம் வாடிப்போய்க் கிடக்குது. இந்தா."

அடுப்பு விளக்கைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. டிலக்ஷி அதைக் கேட்காமல் தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டாள்.

றொபேர்ட் அதற்குள் தும்புத்தடியை எடுத்துக் குசினி மூலையைக் கூட்டத் தொடங்கியிருந்தார். தடயம் தேடுகிறாராம். கழுவு தொட்டிக்கு அடியிலிருந்து வந்த குப்பையில் வெங்காயத் தோலும் ஒரு சிறு முக்கோணத் துண்டும் இருந்தன. துண்டின் ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் கறுப்பு. ஓரம் நேராக, கத்தரிக்கோலால் வெட்டியது.

அதை வெளியே கொண்டுபோய் மகளுக்குக் காட்டினார். "கண்ணாடியின்ர தாள்! துண்டு துண்டா வெட்டியிருக்கினம். எடுத்து ஒளிச்சால் விளையாட்டு எண்டு சொல்லலாம். வெட்டிறதெண்டால் அது வன்மம்."

டிலக்ஷி துண்டை வாங்கிக் கைக்குட்டையில் மடித்து வைத்தாள்.

*

மாலை ஆறு மணி. லக்ஷ்மியின் வீடு ஃபியோர்ட் என்கிற கடற்கழியைப் பார்த்த மூன்றாம் மாடி. கணவன் கோபாலகிருஷ்ணன் கதவைத் திறந்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கடைக்குப் போவதாகச் சொல்லி நழுவினான்.

"விசாரணையா?" என்றாள் லக்ஷ்மி.

"மன்னிப்புக் கேக்க வந்தனான்," என்றாள் டிலக்ஷி.

லக்ஷ்மியின் கோபம் பாதியில் நின்றது. "நீ என்னடி பண்ணே? உட்காரு. அங்கிள், நீங்களும் உட்காருங்க." மூச்சு வாங்கச் சாய்ந்துகொண்டாள். "எங்கம்மா கும்பகோணத்துலேர்ந்து தினம் மூணு வாட்டி ஃபோன். வெளிய போகாதே, ஜன்னலை மூடு, கத்தியைத் தொடாதே. சரிம்மான்னு சொல்லி வச்சிடுவேன். வாதாடினா அழுவாங்க. புதன்கிழமை உள்ளேதான் இருக்கப் போறேன். ஆனா என் குழந்தைக்காகப் பயந்தா ஊர்க் குழந்தைங்க கண்ணாடியை எதுக்குத் திருடணும்?"

"ஒருத்தரும் அப்பிடி..." என்று தொடங்கினார் றொபேர்ட்.

"அங்கிள், எனக்குக் காது நல்லாவே கேக்குது." அவள் டிலக்ஷியின் பக்கம் திரும்பினாள். "நீ சயின்ஸ் படிச்சவதானே, யோசிச்சுப் பாரு. கிரகணம் பாக்கறதே தப்புன்னு நெனச்சு எடுத்திருந்தா, அந்த நீலப் பையையும் சேர்த்துல்ல எடுத்திருப்பேன்? பக்கத்துலயே இருந்துச்சு. ஸ்பெயின்ல பாத்தா மட்டும் தோஷம் கிடையாதா?"

டிலக்ஷி நிமிர்ந்தாள்.

முப்பது போனது, பத்து இருந்தது. பார்த்தவுடனே அது தெரிந்த விஷயம்தான். அதனாலேயே யாரும் அதைப் பார்க்கவில்லை. நம்பிக்கையால் எடுத்தவர் எல்லாவற்றையும் எடுத்திருப்பார். ஆசைக்கு எடுத்தவர் பையோடு வசதியாக இருந்ததை எடுத்திருப்பார். இந்த ஆள் நாற்பதையும் பார்த்திருக்கிறார். பார்த்துப் பிரித்திருக்கிறார். நாற்பதும் ஒரே நிறம், ஒரே அளவு, உள்பக்கத்தில் ஒரே பாதுகாப்பு எண். வாசித்துப் பிரிக்க வழியே இல்லை.

"லக்ஷ்மி," என்றாள், "நீங்கள் போலீசிலை சேர்ந்திருக்கலாம்."

"மொதல்ல இவன் பொறக்கட்டும்."

*

திங்கட்கிழமை, மதிய இடைவேளை. ஆய்வுகூடத்தில் எல்லாரும் சாப்பிடப் போனபின் டிலக்ஷி மேசை விளக்கைப் போட்டாள். கூடவே கொண்டுவந்திருந்த நீலப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து அணிந்து விளக்கைப் பார்த்தாள். இருட்டு. விளக்கு இருந்த இடமே தெரியவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்; சூரியனைத் தவிர வேறெதுவும் அதற்குள்ளால் வரக் கூடாது. இந்தப் பத்தையும் வாங்கிய அன்றே ஒவ்வொன்றாக இப்படிப் பார்த்திருந்தாள்.

கைக்குட்டையை விரித்து முக்கோணத் துண்டை எடுத்து ஒரு கண்ணுக்கு முன் பிடித்தாள். விளக்கு தெரிந்தது. விளக்கின் தண்டு தெரிந்தது. சன்னலுக்கு வெளியே நின்ற சைக்கிள்கள்கூட மங்கலாகத் தெரிந்தன.

அவள் கதிரையில் உட்கார்ந்தாள்.

இது ஒரு கறுப்புத் தாள், அவ்வளவுதான். போன மாதம் பிள்ளைகளின் தொகை கூடியதும் இணையத்தில் அவசரமாக வாங்கியவை அந்த முப்பதும். அதே நிறம், அதே எண். அச்சிட்டிருந்ததை நம்பினாள். சோதித்துப் பார்க்கவில்லை. வண்ணக் குழம்பில் ஒரு துளியைக்கூட மூன்று முறை சோதிக்கிறவள், இருபத்தெட்டுப் பிள்ளைகளின் கண்ணுக்கு முன் வைக்கப்போவதை ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை.

துண்டை மறுபடி கைக்குட்டையில் மடித்து வைத்தாள். பிறகு யோசித்தாள். அடுப்புக்கு மேல் எரிந்த விளக்கு. பட்டப்பகலில் யாரோ ஒருவர் நாற்பது கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாக அந்த விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்திருக்கிறார். அச்சை நம்பாத ஒருவர். கறுப்பாக இருப்பதால் மட்டும் எதையும் நம்பிவிடக் கூடாது என்று தெரிந்த ஒருவர்.

அப்போது வகுப்பில் கேட்ட ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது. கேள்வியைவிட, பதிலுக்குப் பிறகு வந்த ஒரு சொல்.

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். "அப்பா, பின்னேரம் மண்டபத்துக்குப் போக வேணும். ஆரெண்டு தெரிஞ்சிட்டுது."

"ஆர்? சொல்லு!"

"நீங்கள் காருக்குள்ளை இருக்க வேணும். சத்தியம் பண்ணுங்கோ."

*

மாலை ஏழு மணி. ஆகஸ்ட் வெயில் குசினியின் மேற்குச் சன்னலால் சரிந்து எதிர்ச் சுவரில் மஞ்சளாக விழுந்திருந்தது. யசிந்தா ஜெபக் கூட்டத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள்.

டிலக்ஷி கதவைச் சாத்தினாள். கைக்குட்டையை மேசையில் விரித்தாள்.

"அக்கா, நீங்கள்தான் எடுத்தனீங்கள்."

யசிந்தாவின் கை மாவுக்குள் நின்றது.

"எடுத்து வெட்டினீங்கள். அப்பா அதை வன்மம் எண்டார். அப்பிடியில்லை. முழுசாக் குப்பையிலை போட்டால் ஆராவது பிள்ளை எடுத்துப் போடும் எண்டு வெட்டினீங்கள்."

"அவ்வளவு சின்னத் துண்டு கீழை விழுந்ததை நான் காணேல்லை," என்றாள் யசிந்தா.

"ஓம். நீங்கள் கண்டிருக்கமாட்டீங்கள்."

டிலக்ஷி தன் விரல்களைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனாள். நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"வகுப்பிலை எல்லாரும் எத்தினை மணிக்கு, எந்தப் பக்கம் எண்டு கேட்டவை. நீங்கள் மட்டும்தான் சூரியனைப் பார்த்தால் நோகுமோ எண்டு கேட்டனீங்கள். நோகாது, அதுதான் ஆபத்து, உள்ளுக்கை எரிஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாது எண்டு நான் சொன்னன். கேள்வி கேட்டவை 'அப்பிடியோ' எண்டுதான் சொல்லுவினம். நீங்கள் சொன்னது 'நோகாதுதான்' எண்டு. தெரிஞ்ச ஆக்கள்தான் அப்பிடிச் சொல்லுவினம். அண்டைக்கு என்ர காதிலை விழுந்தது, மனசிலை விழேல்லை."

யசிந்தா கையைக் கழுவினாள். துடைத்தாள். பிறகுதான் பேசினாள்.

"ரெண்டாயிரத்துப் பத்து, தைப்பொங்கலுக்கு அடுத்த நாள். யாழ்ப்பாணத்திலை வளையம் மாதிரிக் கிரகணம். ஆரோ எக்ஸ்றே பிலிம் துண்டு தந்தவை. கறுப்பா இருந்தது. கறுப்பெண்டால் போதும் எண்டு நினைச்சன். அந்தப் பிலிமுக்குள்ளாலை வீட்டு லைட் தெரிஞ்சது, டிலக்ஷி. அப்பவே எனக்கு விளங்கியிருக்க வேணும்." சிரிக்கப் பார்த்தாள். "வடிவெண்டால் அப்பிடி ஒரு வடிவு. வளையம் முடியுமட்டும் பார்த்துக்கொண்டு நிண்டன். ஒரு சொட்டு நோகேல்லை. அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தால் அம்மாவின்ர முகத்திலை நடுவிலை ஒரு பொட்டளவு இல்லை."

"இப்பவும்?"

"இப்பவும். நேரே பார்த்தால் மூக்கு இராது. பக்கத்தாலை பார்த்தால் மூக்கு வரும், காது போகும். ஏதாவது ஒண்டு போகத்தான் செய்யும்."

"நான் உங்களையும் என்னை மாதிரிக் கூச்சம் எண்டு நினைச்சன்," என்றாள் டிலக்ஷி. "எனக்கு அது ஆறுதலா இருந்தது."

"கூச்சமும் உண்டடி."

"ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் எப்பிடித் தெரியும் எண்டு கேப்பாய். கேளாமல் விடமாட்டாய். பிறகு ஊருக்குத் தெரியும். கண் பழுதெண்டு தெரிஞ்சால் பேர்னஹேவவிலை பிள்ளையளை என்னை நம்பி விடுவினமோ? எனக்கு அந்தப் பிள்ளையள்தான் எல்லாம். என்னைக் கட்டின ஜூலியனுக்கே தெரியாது. நான் வட்டச் சந்திக்குப் பயந்தவள் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிற மனுசன்." யசிந்தா கை துடைத்த துணியை மடித்து வைத்தாள். "அதோடை, நீ முதன்முதலா எழும்பி நிண்டு கதைச்சனி. வாங்கினது கூடாத சாமான் எண்டு அவ்வளவு பேருக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லுறது? பிறகு ஒரு காலமும் வாய் திறக்கமாட்டாய். கண்ணாடி காணாமல் போனால் பிள்ளையளை வெளியிலை விடாயினம், அவ்வளவோடை முடியும் எண்டு நினைச்சன். லக்ஷ்மியின்ர தலையிலை விழும் எண்டு நினைக்கேல்லை. நீ பயணத்தை விடுவாய் எண்டும் நினைக்கேல்லை. நேற்று முழுக்க நித்திரை இல்லை."

கதவு படாரென்று திறந்தது. குருசுமுத்து. அவருக்குப் பின்னால், சத்தியத்தை மறந்த றொபேர்ட்.

"ஆள் பிடிபட்டுதாமே?" என்றார் குருசுமுத்து. "ஆர்?"

யசிந்தா நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் டிலக்ஷி அவளுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"நான்தான், மாமா."

"என்ன?"

"அந்த முப்பதும் கூடாத கண்ணாடி. போட்டுக்கொண்டு சூரியனைப் பார்த்திருந்தால் பிள்ளையளின்ர கண் போயிருக்கும். சோதிச்சுப் பாராமல் வாங்கினது நான். பிழை முழுக்க என்னோடை. வேறை ஆற்றை பேரும் இதிலை இல்லை. லக்ஷ்மிக்கு நீங்கள் மைக்கிலை மன்னிப்புக் கேக்க வேணும். நீங்கள்தானே எல்லாத்தையும் மைக்கிலை செய்யிறனீங்கள்."

அவள் அவரை நேருக்கு நேர் பார்த்தே சொன்னாள். சொல்லி முடித்தபின்தான் அது அவளுக்கே தெரிந்தது.

குருசுமுத்து அவளையும் மேசையில் கிடந்த துண்டையும் பார்த்தார். யசிந்தாவையும் ஒருமுறை பார்த்தார். அடுப்புக்கு மேலிருந்த விளக்கை அண்ணாந்து பார்த்தார். எழுபது வயதில் மனிதனுக்குச் சில கணக்குகள் தானாகவே கூடி வரும்.

"விளங்குது," என்றார், அவர் வாழ்நாளில் பேசிய மிகக் குறைந்த சத்தத்தில். பிறகு தொண்டையைச் செருமினார். "அப்ப புதன்கிழமை பிள்ளையளுக்கு என்ன செய்யிறது?"

யசிந்தா ஓர் இடியப்பத் தட்டை எடுத்துச் சன்னல் வெயிலில், சுவரிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளிப் பிடித்தாள். சுவரில் தட்டின் நிழல். நிழலுக்குள் ஓட்டைக்கு ஒன்றாகக் குட்டி குட்டி வெளிச்ச வட்டங்கள்.

"இதெல்லாம் சூரியன்தானே, பிள்ளை? அண்டைக்கு எங்கட முருங்கைமரத்துக்குக் கீழை நிலம் முழுக்க வளையம் வளையமாக் கிடந்தது. நான் அதைப் பாராமல் மேலை பார்த்தன்."

"ஓம்," என்றாள் டிலக்ஷி. "புதன்கிழமை இதெல்லாம் பிறையா மாறும். வெள்ளைத் துணியைக் கட்டினால் எல்லாரும் பார்க்கலாம். சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டால் போதும்."

"ஒருத்தரும் திரும்பிப் பார்க்கக் கூடாது எண்டு சொல்ல ஒரு ஆள் வேணும்," என்றார் றொபேர்ட்.

எல்லாரும் குருசுமுத்துவைப் பார்த்தார்கள். கூடாது என்று சொல்வதில் வைலேயில் அவருக்கு நிகர் யாருமில்லை.

"பத்துத் தட்டாவது வேணும்," என்றார் அவர் இறுக்கமாக. "மைக்கும் வேணும்." றொபேர்ட்டைத் தோளில் பிடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். "வா, உன்ர மகள் நாளைக்கு வெளிக்கிட வேணும். கண்டபடி நிண்டு கதை கேளாதை."

கதவு மூடியது.

"அக்கா, உங்கட பாஸ்போட் முடியேல்லைத்தானே?"

"ஏன்?"

"பத்தாவது சீட். இண்டைக்கு இரவுக்குள்ளை பேர் குடுக்கலாம்."

"விசரே உனக்கு? ஜூலியனுக்கு என்ன சொல்லுவன்?"

"ஆள் கிடைக்காமல் றொபேர்ட் அண்ணை அழுகிறார் எண்டு சொல்லுங்கோ. நம்புவார்."

யசிந்தா சிரித்துவிட்டு, தலையை அசைத்தாள். "எனக்கென்னத்துக்கு, பிள்ளை? நேரே பார்த்தால் எனக்கு நடுவிலை ஒண்டும் தெரியாது."

டிலக்ஷி தட்டை அவள் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள். "அக்கா, முழுக் கிரகணத்திலை சந்திரன் சூரியனை முழுசா மூடியிருக்கும். நான் சொல்லுறபோது கண்ணாடியைக் கழட்டிப்போட்டு வெறுங்கண்ணாலை பார்க்கலாம். நான் சொன்ன உடனை திருப்பிப் போட வேணும். நடுவிலை இருக்கிறது கறுப்பு. அங்கை பார்க்க ஒண்டும் இல்லை, ஒருத்தருக்கும் இல்லை. எல்லாரும் பார்க்கிறது அதைச் சுத்தி விரியிற வெள்ளை வெளிச்சத்தைத்தான்."

யசிந்தா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். சுவரில் வெயில் ஒரு விரலளவு மேலே ஏறியிருந்தது.

"அப்ப, எல்லாருக்கும் எனக்குத் தெரியிற மாதிரித்தானோ?"

"அந்த ஒண்டரை நிமிசத்துக்கு, ஓம்."

யசிந்தா திரும்பி டிலக்ஷியின் காதைப் பார்த்தாள். அதாவது, அவளுடைய முகத்தைப் பார்த்தாள். டிலக்ஷி தலை குனியாமல், வடிவாகப் பார்க்கட்டும் என்று அசையாமல் நின்றாள்.